வெட்கம், குற்ற உணர்ச்சி, அவமானம்: எங்கே குழப்பிக்கொள்கிறோம்?

கல்யாண வீட்டில் ஒருவரைப் பெயர் மாற்றிக் கூப்பிட்டுவிட்டாலும் வெட்கம். வாங்கிய கடனைத் திருப்பித் தராவிட்டாலும் வெட்கம். நான்கு பேர் முன்னால் திட்டு வாங்கினாலும் வெட்கம். பேச்சுக்கு இந்த ஒரு சொல் போதும்தான். ஆனால் முதலாவது வெறும் சங்கடம், இரண்டாவது குற்ற உணர்ச்சி, மூன்றாவது அவமானம். மூன்றையும் ஒன்றாக நினைப்பதுதான் முதல் தவறு. 'நாணுடைமை' அதிகாரத்தின் முதல் குறளிலேயே வள்ளுவர், தகாத செயலுக்காக நாணுவது வேறு, பெண்களின் இயல்பான நாணம் வேறு என்று பிரித்துவிடுகிறார். நாம்தான் திரும்பவும் சேர்த்துக் கட்டிவிட்டோம்.

குற்ற உணர்ச்சியும் அவமானமும் பிரியும் இடத்தை 1971-இல் ஹெலன் பிளாக் லூயிஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் தெளிவாகக் காட்டினார். நம் வழியில் சொன்னால், 'செய்தது தப்பு' என்று உறுத்தினால் குற்ற உணர்ச்சி. 'நானே தப்பான ஆள்' என்று கூனிக் குறுகினால் அவமானம்.

எனக்கு இது புரிந்தது ஒரு கைமாற்றில். நண்பனிடம் ஐயாயிரம் ரூபாய் வாங்கினேன், அடுத்த மாதம் தருவதாகச் சொல்லி. மூன்று மாதம் ஓடிவிட்டது. அவன் போன் வந்தால் எடுப்பதில்லை. வழக்கமான டீக்கடைப் பக்கமே போவதில்லை. ராத்திரி தூக்கம் வராது. எனக்கு மனசாட்சி இருப்பதால்தானே இப்படி உறுத்துகிறது என்று உள்ளூர ஒரு பெருமை வேறு! உண்மையில் உறுத்தியிருந்தால் ஆயிரம் ரூபாயாவது எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போயிருப்பேன். அவன் பணத்தை நினைத்து நான் தவிக்கவில்லை, அவன் முன்னால் என் முகம் எப்படித் தெரியும் என்றுதான் தவித்தேன். அப்புறம் கோபமும் வந்தது: "இந்த ஐயாயிரத்துக்கா இத்தனை போன்?" அவமானத்தில் எளிதில் சுருண்டுவிடுகிறவர்கள் அடுத்தவர் மேல் பழி போடுவதும் எரிந்து விழுவதும் அதிகம் என்று ஜூன் டாங்னி என்ற ஆய்வாளர் எழுதியிருக்கிறார். படித்தபோது சுருக்கென்றது. கடைசியில் இரண்டாயிரத்தை முதல் தவணையாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவன் கேட்டது ஒன்றுதான்: "ஏன்டா போனை எடுக்கல?"

ஆக, மனசு கனக்கிறது என்பதாலேயே திருந்திவிட்டதாக எண்ண வேண்டாம். கால் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள், அந்த ஆளை நோக்கியா, விலகியா?

பிள்ளை வளர்ப்பிலும் இதே கோளாறு. ஒன்றரை, இரண்டு வயதில் கண்ணாடியில் தெரிவது தான்தான் என்று குழந்தைக்குப் புரியும்போது கூச்சமும் தலைகாட்டுகிறது. மூன்று வயதையொட்டி அவமானமும் குற்ற உணர்ச்சியும் வந்துவிடுகின்றன. அந்த வயதில் பாலைக் கொட்டிய பிள்ளையிடம் "வெட்கமா இல்ல? பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பாரு" என்றால், அடுத்த முறை உடைந்த டம்ளர் கட்டிலுக்கு அடியில் போகும். "கொட்டிருச்சா? துணி எடுத்துட்டு வா, துடைப்போம்" என்றால் சரிசெய்யும் வழியாவது தெரியும்.

இன்னொன்று, கொஞ்சம் கனமானது. அவமானமாக உணர்கிறவர் ஏதோ தப்பு செய்திருப்பார் என்று நினைப்பது. அடி வாங்கியவருக்கும், ஏமாற்றப்பட்டவருக்கும், பாலியல் தொல்லைக்கு ஆளானவருக்கும்கூட அவமானம் வரும். அவர்கள் தலைகுனிவதை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது.

மிச்சம் இருப்பது அந்தக் கல்யாண வீட்டுச் சங்கடம். அதற்கு இவ்வளவு யோசனையே வேண்டாம். 2000-இல் வெளியான கார்னெல் பல்கலைக்கழக ஆய்வில், கூச்சம் தரும் படம் போட்ட டி-ஷர்ட்டுடன் மாணவர்களை ஓர் அறைக்குள் அனுப்பினார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று அதைப் போட்டிருந்தவர்கள் நினைத்தார்கள். கவனித்தது கால்வாசிப் பேர்தான். பெயரை மாற்றிச் சொல்லிவிட்டால் சிரித்தபடி திருத்திவிட்டுப் பந்திக்குப் போங்கள். பத்து தடவை "ஸாரி, ஸாரி" என்றால்தான் காதில் விழாதவர்களும் திரும்பிப் பார்ப்பார்கள்.