புயல் ஒன்றுதான், பாதிப்பு ஊருக்கு ஊர் வேறு

"எங்கே கரையைக் கடக்குதாம்?" வங்கக் கடலில் புயல் உருவானதும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி இதுதான். நம் ஊர் இல்லை என்று தெரிந்ததும் நிம்மதியாகிவிடுகிறோம். முதல் தவறு அங்கேதான் தொடங்குகிறது.

மிக்ஜாம் புயல் 2023 டிசம்பர் 5 அன்று கரையைக் கடந்தது ஆந்திராவின் பாபட்லா அருகே. ஆனால் அதற்கு முன்பே கரையையொட்டி மெல்ல நகர்ந்தபடி சென்னையில் கொட்டித் தீர்த்துவிட்டது. 2017இல் ஒக்கி குமரிக் கரையைக் கடக்கவே இல்லை, பக்கத்தில் கடலோடு போனது. உயிரிழந்தவர்களில் பெரும்பாலோர் குமரி, கேரள மீனவர்கள். ஆழ்கடலில் நாள்கணக்கில் தங்கித் தொழில் செய்கிறவர்களுக்கு, கரையில் ஏற்றும் எச்சரிக்கைக் கூண்டு எப்படித் தெரியும்? அவர்கள் புறப்படும் முன்பே வானிலையைப் பார்த்தாக வேண்டும், படகில் செய்தி கேட்க வழியும் இருக்க வேண்டும்.

அடுத்தது, 'புயல் வலுவிழந்தது' என்ற செய்தியைக் கேட்டதும் ஆபத்து முடிந்துவிட்டதாக நினைப்பது. அந்தச் சொல் காற்றை மட்டும்தான் குறிக்கிறது. மணிக்கு 62 கி.மீ. வேகத்தைத் தொட்டால் புயல், அதற்குக் கீழே இறங்கினால் தாழ்வு மண்டலம். மழை இந்தக் கணக்கிலேயே வராது. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சலை நினைத்துப் பாருங்கள். அது வலுவிழந்த பிறகுதான் கடலே இல்லாத கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. பெய்தது. சாலையோரம் நிறுத்தியிருந்த வண்டிகளை வெள்ளம் உருட்டிக்கொண்டு போனது. அப்புறம் சாத்தனூர் அணை திறக்கப்பட்டு, தென்பெண்ணைக் கரை ஊர்களில் தண்ணீர் புகுந்தது. கடலோரத்துக்காரர் காற்றைப் பார்த்தால் போதாது, மேலே அணையில் எவ்வளவு திறக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

காற்று திடீரென்று நின்றதும் வெளியே வருவது உயிருக்கே ஆபத்து. 2016 டிசம்பர் 12, வர்தா சென்னையைக் கடந்த பிற்பகல். வடக்கிலிருந்து அடித்த காற்று ஓய்ந்தது, மழையும் குறைந்தது. விழுந்த மரங்களைப் பார்க்கத் தெருவில் ஆட்கள் இறங்கினார்கள். உண்மையில் புயலின் கண், அதாவது காற்று அடங்கிய அதன் நடுப்பகுதி, தலைக்கு மேல் இருந்தது. கொஞ்ச நேரத்தில் தெற்கிலிருந்து காற்று திரும்ப அடித்தது. ஒரு பக்கமாகச் சாய்ந்து தப்பித்த மரங்களை மறுபக்கமாகத் தள்ளிய காற்று அது. முடிந்துவிட்டது என்று வானிலை மையம் சொல்லும்வரை கதவைத் திறக்காதீர்கள்.

ஒரு கரையின் அனுபவத்தை இன்னொரு கரைக்குப் பொருத்துவதும் தவறுதான். "எத்தனையோ காற்றைப் பார்த்த வீடு இது" என்ற பேச்சு ஒடிசாவிலும் வங்கத்திலும் எடுபடாது. வங்கக் கடலின் வடபகுதி ஆழம் குறைந்து, குறுகிப் போகிறது. அதனால் புயல் தள்ளும் நீர் விலக இடமில்லாமல் மேலே எழும்பி ஊருக்குள் வருகிறது. 1999 அக்டோபரில் ஒடிசாவின் எர்சமா பகுதியில் அப்படித்தான் 5, 6 மீட்டர் உயரத்துக்குக் கடல் ஏறி வந்தது. மாநிலம் முழுக்கச் சுமார் 10,000 பேர் இறந்தார்கள். 2013இல் பைலின் வந்தபோது கிட்டத்தட்ட 10 லட்சம் பேரை முன்கூட்டியே வெளியேற்றினார்கள். இறப்பு சில பத்துகளோடு நின்றது. அங்கே வீட்டைப் பலப்படுத்துவதைவிட நேரத்தோடு கிளம்புவதுதான் முக்கியம்.

இறந்தவர் எண்ணிக்கை குறைந்தால் புயலே சின்னது என்று முடிவுகட்டுகிறோமே, அதுதான் எனக்குத் தாங்க முடியாதது. 2018 கஜாவில் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகள் வரிசை வரிசையாகச் சரிந்தன. புதுக் கன்று காய்க்கவே ஐந்தாறு வருடமாகும், அதுவரை அந்தக் குடும்பம் எதைச் சாப்பிடும்? 2020இல் ஆம்பன் தாக்கிய சுந்தரவனத்தில் வெள்ளம் வடிந்த பிறகும் வயலில் உப்பு தங்கிவிட்டது. சாய்ந்த இளந்தென்னையை உடனே வெட்டாமல், நிமிர்த்தி மண் அணைத்துப் பாருங்கள். உப்பேறிய வயலில் மழைநீரைத் தேக்கி வடியவிட்ட பிறகு விதைப்பதைப் பற்றி யோசியுங்கள்.