ஓட்டோவில் கெடும் பாட்டு: மிக்ஸிங் தொழிலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

“அண்ணை, ஓட்டோவிலை போட்டுக் கேட்டனான். பேஸ் இடிக்குது, பாட்டுச் சொல்லு ஒண்டும் விளங்கேல்லை.”

பதிந்த குரலையும் வாத்தியங்களையும் ஒன்றோடொன்று பொருத்திப் பாட்டாக்கும் மிக்ஸிங் தொழிலுக்கு வந்த முதல் வருடத்தில் இப்படி எனக்குப் பல அழைப்புகள் வந்தன. ஓட்டோவில் பூட்டியிருக்கும் பெட்டி ஸ்பீக்கர்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த பாட்டுக்கு இன்னும் விலை கூடிய பிளகின் (மிக்ஸிங் மென்பொருளோடு பூட்டும் துணை மென்பொருள்) வாங்கினேன். அதுவும் அதே ஓட்டோவில் அதே மாதிரி இடித்தது. பிழை நான் உட்கார்ந்திருந்த இடத்தில் இருக்கிறது என்று விளங்க இரண்டு வருடம் போனது. யாழ்ப்பாணத்தில் இப்போது வீட்டு அறையிலேயே ஸ்ரூடியோ போடும் தம்பி தங்கைகளுக்கு அந்த இரண்டு வருடத்தை மிச்சப்படுத்திக் கொடுக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அறையைக் கேட்காமல் கருவி வாங்குவது

எங்கள் வீடுகள் சீமெந்துச் சுவரும் சீமெந்து நிலமும் கொண்டவை. வெறும் அறையின் நடுவில் நின்று ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். தட்டிய சத்தத்துக்குப் பின்னால் ‘டிர்ர்’ என்று ஒரு வால் வரும். எதிரெதிரே நிற்கும் இரண்டு சுவர்களுக்கு இடையில் சத்தம் பந்துபோல் ஓடித் திரிவதால் வருவது அது. இது காதுக்குத் தெரியும் கோளாறு என்பதால் சுலபமாகத் திருத்தலாம். பெரிய கோளாறு பேஸில், அதாவது அடித்தொனியில் இருக்கிறது, அது கைதட்டலில் தெரியாது.

கணக்கு எளிது. சத்தம் செக்கனுக்கு ஏறத்தாழ 345 மீற்றர் போகும். அறையின் நீளம் 3 மீற்றர் என்றால், 345ஐ அதன் இரு மடங்கான 6ஆல் பிரித்தால் 57 ஹேர்ட்ஸ் (செக்கனுக்கு 57 அதிர்வு) அளவில் வரும். அந்தச் சுருதி சுவரோரத்தில் வீங்கிக் கேட்கும், அறையின் நடுவில் ஏறக்குறைய காணாமல் போகும். பேஸ் கிட்டாரின் ஏ தந்தி 55 ஹேர்ட்ஸ். ஆக, அறையின் நட்டநடுவில் மேசையைப் போட்டிருப்பவருக்கு அந்தத் தந்தி கேட்காது. கேட்காததால் அவர் அதை ஏற்றுவார், பிறகும் ஏற்றுவார். பாட்டு ஓட்டோவுக்குப் போனதும் ஏற்றியது முழுவதும் கொட்டும். எனக்கு நடந்தது அதுதான்.

செய்ய வேண்டியதற்குப் பெரிய காசு தேவையில்லை. அறையின் நீளவாட்டில், முன்சுவரிலிருந்து நீளத்தின் 38 வீதம் தள்ளித் தலை வரும்படி கதிரையைப் போடுங்கள். 4 மீற்றர் நீள அறையென்றால் சுமார் ஒன்றரை மீற்றர். இது ஆரம்பப் புள்ளி மட்டுமே. அங்கிருந்து முன்னும் பின்னும் ஒரு சாண் நகர்த்தி, தெரிந்த பாட்டொன்றைப் போட்டுக் கேட்டுப் பாருங்கள். இடது வலது ஸ்பீக்கர்கள் பக்கச் சுவர்களிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கட்டும். மூலைகளில் நாலைந்து அங்குலத் தடிப்பில் ராக்வூல் எனும் கனிமப் பஞ்சு கிடைத்தால் துணி போர்த்து வையுங்கள். கிடைக்காவிட்டால் பழைய பஞ்சு மெத்தையையும் தும்பு மெத்தையையும் சுருட்டி நிறுத்தலாம், ஒன்றும் இல்லாததை விட அது எவ்வளவோ மேல்.

முட்டை அடுக்கும் மட்டைத் தட்டுகளைச் சுவர் முழுக்க ஒட்டும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அவை மெல்லியவை. கீச்சென்ற மேல்தொனியைக் கொஞ்சம் கலைக்கும், பேஸைத் தொடாது, வெளிச்சத்தத்தை அறவே தடுக்காது. தீப்பற்றினால் ஆபத்து வேறு. கோயில் ஒலிபெருக்கியைத் தடுக்க மட்டை ஒட்டுவதை விட, ஊர்த் திருவிழா நாட்களில் குரல் பதிவை இரவு பத்துக்கு மேல் வைத்துக்கொள்வது நல்லது. நல்லூர்த் திருவிழா 25 நாள்; அந்தப் பக்கம் அறை வைத்திருப்பவர்கள் பஞ்சாங்கத்தைப் பார்த்துத்தான் வேலை எடுக்க வேண்டும்.

சத்தமாக வைத்து மிக்ஸ் செய்வது

கூட்டி வைத்தால் எந்தப் பாட்டும் நன்றாகத்தான் இருக்கும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 1933இலேயே அளந்து காட்டிய விடயம் இது: சத்தம் குறையும்போது எங்கள் காதுக்கு பேஸ் மற்றவற்றை விட வேகமாகக் குறைந்து கேட்கும். அதனால் உரக்க வைத்துச் சமப்படுத்திய பாட்டு மெல்லப் போட்டால் வற்றிப்போகும். பக்கத்தில் இருப்பவரோடு குரலை உயர்த்தாமல் கதைக்கக்கூடிய அளவில் வேலையின் பெரும்பகுதியைச் செய்யுங்கள். இடையிடையே சில நிமிடம் மட்டும் கூட்டிப் பாருங்கள்.

இன்னொரு காரணம் உங்கள் காது. தொழிலிடப் பாதுகாப்புக்கு அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் சொல்லும் எல்லை 85 டெசிபெலில் 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 88இல் 4 மணி, 100இல் 15 நிமிடம்தான். பகல் முழுக்க மிக்ஸ் செய்துவிட்டு இரவில் மேடைக்குச் சவுண்ட் பார்க்கப் போகிறவர்கள் எங்களில் பலர். காதடைப்பான் போட வெட்கப்படாதீர்கள். போன காது திரும்பாது.

அப்புறம், பதிவு செய்த நாளிலேயே மிக்ஸை முடிக்கும் அவசரம். இங்கே புரொடியூசரும் மிக்ஸிங் பொறியாளரும் பெரும்பாலும் ஒரே ஆள்தான். பாட்டின் மெட்டுக்கு என்ன வாத்தியம், எங்கே இடைவெளி, எந்தக் குரல் என்று முடிவெடுப்பது முதல் வேலை. எடுத்தவற்றை ஒன்றோடொன்று பொருத்துவது இரண்டாவது. முதல் வேலையில் வைத்த ஆசை இரண்டாவது வேலையில் கண்ணை மறைக்கும்: மூன்று மணி நேரம் மினக்கெட்டு வாசித்த கீபோட்டைக் குறைக்க மனம் வராது. நடுவில் ஒரு இரவாவது தூங்கி எழும்புங்கள்.

கமகத்தை ஓட்டோடியூனுக்குக் கொடுப்பது

இதில் எனக்குக் கோபமே உண்டு. மருதனார்மடத்தில் பல்கலைக்கழகத்தின் இசைத்துறை இருக்கிறது. அங்கே வருடக்கணக்கில் படித்த பிள்ளை வந்து ஒரு பக்திப்பாடல் பாடும். நாங்கள் குரலைக் கிழிக்கும் வேகத்தில், சுருதியைத் தானாகத் திருத்தும் ஓட்டோடியூன் மென்பொருளைப் போட்டு, பன்னிரண்டு சுரத்தையும் திறந்து விட்டுவிடுவோம். தோடி ராகத்தின் காந்தாரம் ஒரு இடத்தில் நிற்கும் சுரம் கிடையாது, அது ஆடிக்கொண்டே இருப்பதுதான் தோடி. மென்பொருளுக்கு அந்த ஆட்டம் பிழையாகத் தெரியும். கிட்டே இருக்கும் சுரத்தில் பிடித்து நிறுத்தும், பிறகு அடுத்ததற்குத் தூக்கிப் போடும். சுரத்தை வழுக்கி அசைக்கும் கமகம் படிக்கட்டாக மாறிவிடும்.

உண்மையிலேயே சுருதி விலகிய சொல்லை மட்டும் கையால் திருத்துங்கள். அதையும் பாடகருக்குக் காட்டிவிட்டுச் செய்யுங்கள். இன்னும் நல்ல வழி, பாடும்போது அவர் காதில் சுருதிப்பெட்டியைத் தெளிவாக வைப்பது. ஹெட்ஃபோனில் சுருதியே கேட்காமல் பாடவிட்டுப் பிறகு சுருதியைத் திருத்துவது எங்கள் பிழை, பாடகருடையது இல்லை.

தவிலும் நாதஸ்வரமும் பதிவதில் அதே அலட்சியம் உண்டு. இணுவில், அளவெட்டி என்று தவிலுக்கும் நாதஸ்வரத்துக்கும் பேர்போன ஊர்கள் உள்ள இடத்தில் இருந்துகொண்டு, தவிலுக்கு ஒரே ஒரு மைக் வைத்துப் பதிகிறோம். கூடு போட்ட விரல்கள் பேசும் வலந்தலை ஒரு சத்தம், கழி அடிக்கும் தொப்பி வேறு சத்தம். இரண்டு மைக் வையுங்கள். வைத்த பிறகு ஒன்றின் துருவத்தை மாற்றும், அதாவது அதன் ஒலியலையைத் தலைகீழாக்கும் பொத்தானை அழுத்திப் பாருங்கள். எந்த நிலையில் அடித்தொனி தடிப்பாக வருகிறதோ அதையே வைத்திருங்கள். நாதஸ்வரத்தின் அணசு வாய்க்கு நேரே மைக்கைக் கொண்டுபோகாதீர்கள், காதைக் குத்தும் பகுதி மட்டுமே கிடைக்கும். ஒரு மீற்றருக்கு மேல் தள்ளிச் சற்று விலக்கி வைத்தால் துளைகளிலிருந்து வரும் சத்தமும் சேரும். சின்னச் சீமெந்து அறையை விட, காற்றில்லாத விடியப்புறத்தில் வீட்டு முற்றத்தில் எடுத்த நாதஸ்வரம் எனக்கு எப்போதும் நன்றாக அமைந்திருக்கிறது. காகம் கத்தத் தொடங்குமுன் முடித்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

சின்னதாகத் தோன்றினாலும் பாட்டைக் கெடுக்கும் சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். வட்ஸ்அப்பில் ஓடியோவாக அனுப்பும் குரல் சுருங்கிப் போய்த்தான் வரும்; ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் டிரைவில் போடச் சொல்லுங்கள். 24 பிட்டில் பதியும்போது சிவப்பு விளக்கு வரை ஏற்றத் தேவையே இல்லை, உச்சம் மைனஸ் 10 டெசிபெல் அளவில் நின்றால் போதும். ஸ்பொடிஃபை பொதுவாக மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்த அளவின் அலகு) அளவுக்குச் சமப்படுத்துகிறது, யூரியூப்பும் மிஞ்சிய சத்தத்தைக் குறைத்துவிடும். அதனால் நசுக்கி நசுக்கி உரக்கச் செய்த பாட்டுக்குக் கிடைப்பது நசுங்கல் மட்டுமே. பதிவில் 50 ஹேர்ட்ஸ் இரைச்சல் கேட்டால் மைக்கைச் சந்தேகிக்க முன் மின்சாரத்தின் ஏர்த் இணைப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். கடைசியாக, ஒருமுறை மோனோவில், அதாவது இடது வலது இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக் கேளுங்கள். ஒற்றை ஸ்பீக்கர் போனில் குரல் மறைந்தால் ஒலியை இடம் வலமாக அகலப்படுத்தும் பிளகின்தான் காரணமாக இருக்கும்.

ஒரே ஒரு பிரதி

2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது ஞாபகம் இருக்கும். அந்த நாட்களில் ஒரு ஆச்சியை வீட்டுக்குப் போய்ப் பதிந்தேன். தன் தாய் பாடிய தாலாட்டை, புத்தகத்தில் இல்லாத வரிகளோடு பாடினார். கனடாவில் இருக்கும் பேத்தி கேட்டதற்காக எடுத்த பதிவு. வீட்டுக்கு வந்து வெளி ஹார்ட் டிஸ்கில் ஏற்றிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது. டிஸ்க் பிறகு திறக்கவில்லை. பதிவுக்கருவியின் கார்ட்டை அதற்கு முன்பே அழித்துவிட்டிருந்தேன். திரும்பப் போய் எடுக்கலாம் என்று இருந்தேன், வேலை ஒன்றுக்குப் பின் ஒன்றாக வந்தது. ஆச்சி அந்த வருடம் முடியுமுன் போய்விட்டார். பேத்தி ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அது இன்னும் வலிக்கிறது.

மூன்று பிரதி, இரண்டு வேறு சாதனம், ஒன்று வேறு வீட்டில் அல்லது இணையத்தில். மூன்றும் திறக்கிறதா என்று பார்க்கும்வரை கார்ட்டை அழிக்காதீர்கள். கணினியோடு டிஸ்கையும், கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் தாங்கும் யூபிஎஸ்ஸில் பூட்டுங்கள்.

வாய்ப்பேச்சில் வேலை எடுப்பது

தெரிந்தவர், சொந்தக்காரர், கோயில் சபை என்று வரும் வேலைகளில் காசு கதைக்கக் கூச்சமாக இருக்கும். அந்தக் கூச்சத்தில்தான் பதினேழாவது திருத்தம் வரை இலவசமாகப் போகிறது. ஐரோப்பாவிலும் கனடாவிலும் இருந்து வரும் வேலைகளில் வேறு சிக்கல்: பாட்டு ஆறு மாதம் இழுபடும், நாங்கள் ரூபாயில் விலை சொல்லியிருப்போம். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 350ஐத் தாண்டியது. பிளகினுக்கும் இணையச் சந்தாவுக்கும் டொலரில் கட்டுகிறவர், வெளிநாட்டு வேலைக்கு டொலரிலேயே விலை சொல்ல வேண்டும்.

உரிமை விடயத்தைப் பலர் கவனிப்பதே இல்லை. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஒரு படைப்பின் பதிப்புரிமை படைத்தவரின் வாழ்நாளும் அதற்குப் பின் 70 வருடமும் இருக்கும். பொருளாதார உரிமையை இன்னொருவருக்கு மாற்றுவதென்றால் இரு தரப்பும் கையெழுத்திட்ட எழுத்து வேண்டும். “பீட்டை எடுத்துக்கொள் மச்சான்” என்ற பேச்சு இரு பக்கத்துக்கும் உதவாது. இணையத்தில் எடுத்த கரோக்கிக்கு மேல் குரல் வைத்துத் தரச் சொன்னால், யூரியூப்பில் உரிமை கோரல் வரும் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். வந்த பிறகு சொன்னால் உங்களைத்தான் கேட்பார்கள்.

வழக்கறிஞர் பாஷை தேவையில்லை. வேலை தொடங்கமுன் நான் அனுப்பும் தாள் அரைப் பக்கம்தான். பாட்டின் பெயர், மொத்தக் காசு, பாதி முற்பணம், மூன்று திருத்தம் வரை இந்தக் காசுக்குள் அடங்கும் என்பது, நாலாவதிலிருந்து எவ்வளவு, இறுதி ஃபைல் எந்த நாளில், வெளியிடும்போது யாருடைய பெயர் எப்படிப் போடப்படும், பதிவின் உரிமை யாருக்கு. கீழே இருவரும் கையெழுத்து. மாமா வீட்டு வேலைக்கும் இதே தாளைத்தான் கொடுக்கிறேன். முதல் தடவை மாமா முகத்தைச் சுருக்கினார், வாசித்தார், பேனாவைக் கேட்டார்.