ராணியை இழந்த தேனீப் பெட்டி: அவசரத்தால் நேரும் தவறுகள்

சென்னையின் மாதவரம், கொளத்தூர், பெரம்பூர்ப் பகுதிகளில் மொட்டைமாடியில் இந்தியத் தேனீ வளர்ப்போர், ராணி கண்ணில் படாததையே சான்றாகக் கொண்டு, பெட்டியில் ராணி இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அடை கட்டியிருக்கும் மரச்சட்டத்தை உயர்த்தியதுமே கருத்த ராணி அடையின் மறுபக்கம் ஓடிவிடும். ஆகவே தேட வேண்டியது ராணியை அன்று, முட்டையை. முட்டை 3 நாட்களில் பொரிந்துவிடும் என்பதால், அடையின் சிறு அறைகளில் அறைக்கு ஒன்றாக அடியில் முட்டை இருந்தால், அண்மையில்தான் ராணி அங்கே முட்டையிட்டிருக்கிறது என்று பொருள்.

முட்டை இல்லாவிட்டாலும் பதற வேண்டியதில்லை. ராணி இறந்தால் பணித்தேனீக்கள் இளம் புழுக்களிலிருந்து புது ராணியை வளர்க்கின்றன. அது வெளிவந்து, முதிர்ந்து, பறந்து இணைசேர்ந்து முட்டையிட ஏறக்குறைய 4 வாரங்கள் ஆகலாம். இந்த இடைவெளியில் விலைக்கு வாங்கிய ராணியை உள்ளே விடுவது பணத்தையும் ராணியையும் ஒருசேர இழப்பதாகும். பெட்டியை நாள்தோறும் திறப்பதும், வடாம் காயப்போட இடம் வேண்டும் என்று நகர்த்திவைப்பதும் அதே அளவு கேடானவை. இணைசேரப் பறந்த கன்னி ராணி திரும்பி வரும்போது பெட்டி பழைய இடத்திலேயே இருக்க வேண்டும்.

ஐயம் தீர ஒரு சோதனை போதும். முட்டையும் இளம் புழுவும் உள்ள ஒரு சட்டத்தை மற்றொரு இந்தியத் தேனீப் பெட்டியிலிருந்து எடுத்து, வெயில் படாமல் ஈரத்துணியால் மூடிக் கொண்டுவந்து வைத்தால், ராணியில்லாத கூட்டம் சில நாட்களில் அதில் புது ராணியை வளர்ப்பதற்கான ராணி அறைகளைக் கட்டத் தொடங்கும். கட்டாவிட்டால் உள்ளே ராணி இருக்கிறது என்றே பெரும்பாலும் கொள்ளலாம். இத்தாலியத் தேனீயின் சட்டம் இதற்கு உதவாது, ஏனெனில் அது வேறு இனம். கூட்டம் பிரிந்துபோகும் பருவத்தில் அடையின் கீழோரத்து ராணி அறைகளை வெட்டிப் பழகியவர்கள், ராணியற்ற பெட்டியிலும் அவற்றை வெட்டிவிடுகிறார்கள். அப்போது மீண்டும் ராணியாக வளர்ப்பதற்கு இளம் புழுவே மிஞ்சியிருக்காது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கணக்கு மாறும். நாட்கணக்கில் வானம் வெளுக்காவிட்டால் கன்னி ராணியால் பறக்க முடியாது. காலம் தவறினால் அது ஆண் தேனீக்களுக்கான முட்டைகளை மட்டுமே இடும். அந்த மாதங்களில் புது ராணிக்குக் காத்திருப்பதைவிட, அக்கூட்டத்தை ராணியுள்ள வலுவான பெட்டியுடன் இணைப்பதே நல்லது என்பது என் கருத்து.

ஓர் அறையில் பல முட்டைகள், அறைச் சுவரில் ஒட்டிய முட்டைகள், நுனியில் சிறு துளையுடன் புடைத்த அறை மூடிகள் ஆகியவை தென்பட்டால் பணித்தேனீக்களே முட்டையிடத் தொடங்கிவிட்டன. இந்தியத் தேனீயில் இந்நிலை இத்தாலியத் தேனீயைவிட விரைவில் வருகிறது. இத்தகைய கூட்டம் புது ராணியைப் பெரும்பாலும் கொன்றுவிடும். கூட்டம் சிறிதானால் அதை மீட்க முயல்வதும் வீண். மாலை மங்கியதும் இப்பெட்டிக்கும் ராணியுள்ள வலுவான பெட்டிக்கும் நடுவே ஊசியால் துளையிட்ட செய்தித்தாளை வைத்து இணைத்துவிட்டு, தேனீக்கள் நீங்கிய அடைகளைத் தாமதமின்றி அப்புறப்படுத்த வேண்டும். நம்மூர் வெப்பத்தில் காவலற்ற அடையை மெழுகு அந்துப்பூச்சி விரைவில் அரித்துவிடும்.