கிரீஸ் நெருக்கடி பத்தின ஆய்வுக் கட்டுரைய ஏமாறாம படிக்கிறது எப்படி

ஐரோப்பா பொருளாதாரத்துல ஆய்வுப் பேப்பர் படிக்க ஆரம்பிக்கிறவங்க நெறைய பேர் மொதல் பத்தியும் கடைசிப் பத்தியும் பாத்துட்டு மூடிடுறாங்க. டேபிளுக்குக் கீழ பொடி எழுத்துல ஒரு குறிப்பு இருக்கும் பாருங்க, அதுலருந்து ஆரம்பிங்க, எந்த சர்வே, எந்த வருஷம், எந்த வறுமைக் கோடுன்னு எல்லாமே அங்கதான் கெடக்கும்.

பழகுறதுக்கு கிரீஸ எடுத்துக்கோங்க. அரசாங்கம் கடன்ல மாட்டிக்கிட்டதால 2010 மே மாசம் யூரோ நாடுகளும் ஐஎம்எஃப்பும் (சர்வதேச நாணய நிதியம்) சேந்து 110 பில்லியன் யூரோ கடன் குடுக்க ஒத்துக்கிட்டாங்க, கூடவே செலவக் கொற, பென்ஷன வெட்டுன்னு நிபந்தனை, 2012ல கொறஞ்சபட்ச சம்பளமே 751 யூரோலருந்து 586க்கு வந்துடுச்சு, 25 வயசுக்குக் கீழன்னா அதவிடவும் கம்மி, 2013ல வேலையில்லாதவங்க 27 சதவீதத்துக்கிட்ட. இவ்ளோ நடந்தும் யூரோஸ்டாட்ங்கற ஐரோப்பிய ஒன்றியத்தோட புள்ளியியல் ஆபீஸ் சைட்ல ஜினி நம்பரப் (வருமான ஏற்றத்தாழ்வ அளக்குறது, 0ன்னா எல்லாருக்கும் சமம், 100ன்னா எல்லாம் ஒருத்தருக்கே) பாத்தா 33லருந்து 34 சொச்சத்துக்குப் போயிருக்கு, அவ்ளோதான். வறுமை விகிதம் 20லருந்து 23. இத வச்சிட்டு "பெருசா ஒண்ணும் ஆகலயே"ன்னு வாதாடுறவங்கள நானே பாத்திருக்கேன், கடுப்பா இருக்கும்.

இங்க நீங்க பாக்க வேண்டியது கோடு எங்க இருக்குன்னு. ஐரோப்பாவுல வறுமைக் கோடுங்கறது நடு வருமானத்துல (எல்லாரையும் வருமான வரிசையில நிறுத்துனா சரியா நடுவுல நிக்கறவரோட வருமானம், சராசரி இல்ல) 60 சதவீதம், எல்லாருக்கும் சேந்து வருமானம் விழுந்தா கோடும் கூடவே எறங்கிடும். தனி ஆளுக்கு 2010 சர்வேல அது வருஷத்துக்கு 7,178 யூரோ, 2014ல 4,608. அப்போ வருஷம் 6,000 யூரோல ஓட்டுற ஒருத்தர் 2010 கணக்குல ஏழை, அதே 6,000தான் வருது, 2014 கணக்குல ஏழை இல்ல! விலைவாசி என்னமோ மொத்தத்துல ஏறித்தான் இருந்துச்சு. அதனால கோட்ட 2008லயே நிறுத்தி, விலைவாசிய மட்டும் சேத்துப் போட்ட விகிதம்னு தனியா ஒரு டேபிள் இருக்கும், அதத் தேடி எடுங்க, அதுல 2014ல கிட்டத்தட்ட பாதி ஜனம் கோட்டுக்குக் கீழ. ரெண்டும் பொய் இல்ல, ஒண்ணு அக்கம்பக்கத்தோட ஒப்பிடுது, இன்னொண்ணு நேத்தைய வாழ்க்கையோட ஒப்பிடுது, பேப்பர் எதச் சொல்லுதுன்னு பாருங்க.

அடுத்தது வருஷம். இந்த வறுமை நம்பரெல்லாம் வர்ற ஈயூ-சில்க்ங்கற ஐரோப்பிய வருமான சர்வேல 2013ன்னு போட்டிருந்தா கிரீஸுக்கு அது 2012 வருமானம். 2013 வேலையின்மையையும் 2013 வறுமையையும் பக்கத்துல வச்சி கிராஃப் போட்டா ஒரு வருஷம் தப்பாயிடும், இத கவனிக்காம போட்ட கிராஃப் நெறைய சுத்துது.

கஷ்டமான எடம் காரணம். அரசாங்கம் செலவையும் பென்ஷனையும் வெட்டுனதால ஏழ்மையா, பொருளாதார மந்தத்தால ஏழ்மையா? இதப் பிரிக்க யூரோமாட்னு ஒரு மாடல் இருக்கு, புது வருமானத்து மேல பழைய வரி, பழைய பென்ஷன் விதிய ஓட்டிப் பாத்து வித்தியாசம் எடுப்பாங்க. நல்ல வழிதான், ஆனா பென்ஷன வெட்டுனதுல கடையில வியாபாரம் படுத்து அங்க வேல பாத்தவனுக்கு வேல போச்சுன்னா, அது மந்தத்தோட கணக்குல ஏறிடும், கொள்கையோட கணக்குல வராது. ஐஎம்எஃப்லயே பிளான்ஷார், லீங்கற ரெண்டு பொருளாதார நிபுணர்கள் 2013ல எழுதுன பேப்பர் என்ன சொல்லுதுன்னா, அரசாங்கம் ஒரு யூரோ வெட்டுனா உற்பத்தி அரை யூரோ விழும்னு நெனச்சி கணிச்சிருந்தாங்க, நெருக்கடியோட ஆரம்ப வருஷங்கள்ல நெசமா விழுந்தது அதவிட ரொம்பவே அதிகம். அதனால "கொள்கையோட பங்கு இவ்ளோதான்"னு ஒரு நம்பர் வந்தா அத கொறஞ்சபட்சம்னு எடுத்துக்கறது என் பழக்கம்.

கிரீஸ் மாதிரியே நெருக்கடியில கடன் வாங்குன அயர்லாந்து பத்தின பேப்பருக்குப் போனீங்கன்னா ஜிடிபிய நம்பாதீங்க, 2015ல 25 சதவீதத்துக்கு மேல வளந்ததா வந்துச்சு, பன்னாட்டு கம்பெனிங்க பேட்டன்ட்டு மாதிரி சொத்த அங்க மாத்துன வேல அது. அவங்க புள்ளியியல் ஆபீஸே இதுக்காக திருத்துன தேசிய வருமானம்னு தனியா வெளியிடுது, அத எடுங்க.

அப்புறம் இந்த சர்வே எல்லாம் வீடு வீடா எடுக்கறது, தெருவுல படுக்கறவங்க அதுல வரமாட்டாங்க, பெரும் பணக்காரங்களும் சரியா சிக்கமாட்டாங்க. மேல்மட்ட 1 சதவீதம் பத்தி ஒரு பேப்பர் பேசுதுன்னா வரி ரெக்கார்டு சேத்திருக்காங்களான்னு பாருங்க, வெறும் சர்வேன்னா அடுத்த பேப்பருக்குப் போயிடலாம்.