மண்கலயத்துக்குப் பெயிண்ட் அடித்தால் தண்ணீர் குளிருமா? அறிவியல் கண்காட்சிக்கு ஒரு சோதனையைத் திட்டமிடும் முறை

பள்ளி அறிவியல் கண்காட்சிகளுக்கு நடுவராகப் போய்வருகிறேன். எந்தப் பள்ளிக்குப் போனாலும் சமையல் சோடாவில் வினிகர் ஊற்றிப் பொங்கவிடும் எரிமலை ஒன்றாவது இருக்கும். பக்கத்திலேயே தெர்மாகோல் சூரியக் குடும்பம். நிற்கும் பிள்ளையிடம் "இதில் நீ என்ன கண்டுபிடித்தாய்?" என்று கேட்டால் மனப்பாடம் செய்த பத்தி ஒன்று வரும். நடுவில் நிறுத்தினால் முதல் வரியிலிருந்துதான் மறுபடி தொடங்க முடியும். பிள்ளையைக் குறை சொல்லிப் பயனில்லை. மாதிரி செய்வது வேறு, சோதனை செய்வது வேறு என்று யாரும் அதற்குச் சொல்லவில்லை. விடை தெரியாத கேள்வி ஒன்று கையில் இருந்தால்தான் அது சோதனை.

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை படிப்பவர்கள் வீட்டுத் திண்ணையிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனையை எடுத்துக்கொண்டு, திட்டமிடுவது எப்படி என்று பார்ப்போம். சர் சி. வி. ராமன் தம் கண்டுபிடிப்பை 1928 பிப்ரவரி 28 அன்று அறிவித்தார். அந்த நாள் 1987 முதல் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது. பல பள்ளிகளில் கண்காட்சியும் அதையொட்டித்தான் நடக்கும். பொங்கல் முடிந்த கையோடு தொடங்கினால் ஏறத்தாழ ஆறு வாரம் கிடைக்கும். வேலைக்கு நான்கு வாரம் போதும். மீதி இரண்டு, தவறு செய்துவிட்டுத் திரும்பச் செய்வதற்கு. பொங்கல் நேரத்தில் மண்கலங்கள் எளிதாகக் கிடைக்கும் என்பது இன்னொரு வசதி.

படி 1: கேள்வியைக் கூர்மையாக்குங்கள்

"மண்பானையில் தண்ணீர் ஏன் குளிர்கிறது?" என்பது பாடப்புத்தகக் கேள்வி. விடையும் அதிலேயே இருக்கிறது. அதைச் சற்றுத் திருப்பிப் போடுவோம்: "வெளிப்புறம் பெயிண்ட் அடித்த மண்கலயத்தில், அடிக்காத கலயத்தில் குளிரும் அளவுக்குத் தண்ணீர் குளிருமா?" கோலம் போட்டு, பூப்போட்டு விற்கும் பானைகளைப் பார்த்தபோது எனக்கு எழுந்த கேள்வி இது.

உங்கள் கேள்வி தேறுமா என்று பார்க்க இரண்டு உரைகற்கள் உண்டு. விடையை எண்ணாகச் சொல்ல முடியுமா? ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க முடியுமா? இரண்டுக்கும் ஆம் என்றால் மேலே போகலாம்.

படி 2: கொஞ்சம் படியுங்கள்

சுட்ட மண்ணில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கின்றன. அவற்றின் வழியே தண்ணீர் வெளிப்புறத்துக்குக் கசிந்து ஆவியாகிறது. ஆவியாவதற்குத் தேவையான வெப்பத்தைக் கலயத்திடமிருந்தும் உள்ளே இருக்கும் தண்ணீரிடமிருந்தும் எடுத்துக்கொள்கிறது. நம் ஊர் வெப்பநிலையில் 1 கிராம் தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வேண்டும். இந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு உதவும்.

படி 3: கருதுகோளை எழுதுங்கள்

"பெயிண்ட் துளைகளை அடைத்துவிடும், ஆகவே பெயிண்ட் அடித்த கலயத்துத் தண்ணீர் குறைவாகவே குளிரும்." இவ்வளவுதான். தேதி போட்டு எழுதுங்கள். முடிவு வேறாக வந்தால் இந்த வரியை அடித்துத் திருத்தாதீர்கள்.

படி 4: ஒன்றை மட்டும் மாற்றுங்கள்

திட்டமிடுவதில் பெரும்பகுதி இதுதான். மண்பானையையும் எவர்சில்வர் சொம்பையும் ஒப்பிடலாமே என்று தோன்றும். செய்யலாம், ஆனால் பொருள், கனம், வடிவம், வாயின் அகலம் என்று எல்லாமே அங்கே வேறுபடுகின்றன. வித்தியாசம் தெரிந்தாலும் எதனால் என்று சொல்ல முடியாது. ஒரே மாதிரியான கலயங்களில் பாதிக்கு மட்டும் பெயிண்ட் அடித்தால் மாறுவது பெயிண்ட் மட்டும்.

ஒரே அளவில், ஒரே சூளையில் வெந்த சிறிய கலயங்கள் ஆறு வாங்குங்கள். மூன்றுக்குப் பெயிண்ட், மூன்று வெறுமனே. ஒன்றும் ஒன்றும் போதாதா? போதாது. ஒரே சூளையில் வெந்தாலும் ஒன்று சற்று அதிகம் வெந்திருக்கும், ஒன்றில் மயிரிழை விரிசல் இருக்கும். ஒவ்வொன்றும் மூன்று இருந்தால்தான் அந்தக் கோளாறு வெளியே தெரியும்.

மாறாமல் வைத்திருக்க வேண்டியவற்றைப் பட்டியலிடுங்கள்: ஒரே வாளித் தண்ணீர், ஒவ்வொன்றிலும் 500 மில்லி, ஒரே மாதிரி மூடி. மூடாவிட்டால் வாய் வழியாகவும் ஆவியாகும். ஆறும் ஒரே நிழலில், ஒரு சாண் இடைவெளியில் இருக்கட்டும். வெயில் பட்டால் பெயிண்டின் நிறமும் கணக்கில் சேர்ந்துகொள்ளும். வெறுந்தரையில் வைக்காதீர்கள். சிமெண்ட் தரையே தண்ணீரைக் குளிரவைத்துவிடும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரிமணை, அதன் கீழே ஒரு தட்டு.

படி 5: பொருட்கள்

தெர்மாமீட்டரில்தான் பலரும் சறுக்குகிறார்கள். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே காட்டாது. நமக்கு வேண்டியதோ இருபதுகள். பள்ளி ஆய்வகத்தில் இருக்கும் மைனஸ் 10 முதல் 110 டிகிரி வரை காட்டும் கருவியைக் கேட்டு வாங்குங்கள். சிவப்பு ஆல்கஹால் உள்ளதாக இருந்தால் நல்லது. பாதரசம் உள்ளது கைதவறி உடைந்தால் ஆபத்து. ஒன்றே போதும். ஆறு தெர்மாமீட்டர் வைத்தால் ஆறும் ஆறு விதமாகப் பிசகும். ஒன்றையே பயன்படுத்தினால் அதன் பிசகு எல்லாவற்றுக்கும் பொதுவாகிவிடும்.

இவற்றோடு சமையலறை எடைத்தராசு, அளவுக் குவளை, எனாமல் பெயிண்ட், தூரிகை, ஒரு நோட்டு. பெயிண்ட் அடிக்கும்போது காற்றோட்டமான இடத்தில், பெரியவர் ஒருவரை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கலயத்துத் தண்ணீரை யாரும் குடிக்க வேண்டாம்.

படி 6: ஒத்திகை

என் தங்கை மகனோடு இதை முதன்முதலாகச் செய்தபோது, "புதுப் பானையை ஊறவைக்காமல் பயன்படுத்தக் கூடாது" என்ற அம்மாவின் பேச்சைக் கேட்டு முதல் நாளே ஊறவைத்துவிட்டோம். ஈரத்தின் மேல் அடித்த பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி உரிந்தது. இரண்டாம் முறை காய்ந்த கலயத்தில் அடித்தோம். அப்போதும் பெயிண்ட் அடித்த கலயம் ஒன்று, அடிக்காததைப் போலவே குளிர்ந்து நின்றது. பையன் முகம் வாடிவிட்டது. தூக்கிப் பார்த்தால் அடிப்புறத்தில் தூரிகை படவே இல்லை. உள்ளங்கை நனைந்தது.

அம்மா சொன்னது தவறல்ல, வரிசைதான் தவறு. காய்ந்த கலயத்தில், அடிப்புறமும் சேர்த்து, இரண்டு பூச்சு அடியுங்கள். இரண்டு நாள் உலரட்டும். பிறகு ஆறிலும் தண்ணீர் நிரப்பி ஓர் இரவு விட்டு, காலையில் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் தொடங்குங்கள்.

படி 7: அளக்கும் நாள்

காலை 9 மணிக்கு நிரப்பி, ஒவ்வொரு கலயத்தையும் தட்டோடு சேர்த்து எடைபோடுங்கள். தட்டில் சொட்டிய தண்ணீர் ஆவியானதாகாது அல்லவா? மாலை 4 மணி வரை மணிக்கு ஒருமுறை வெப்பநிலை பாருங்கள். குமிழ் தண்ணீரின் நடுவில் இருக்க வேண்டும், அடியைத் தொடக்கூடாது. இரண்டு நிமிடம் பொறுத்து, கண்ணைத் திரவ மட்டத்துக்கு நேராக வைத்துப் படியுங்கள். ஆறையும் பார்த்து முடிக்கக் கால் மணி நேரமாகும் என்பதால், ஒன்று வெறுங்கலயம், அடுத்தது பெயிண்ட் அடித்தது என்று மாற்றி மாற்றிப் பாருங்கள். அறையின் வெப்பநிலையையும் ஒவ்வொரு முறையும் குறியுங்கள். கடைசியில் மறுபடி எடை. இதையே இன்னும் இரண்டு நாள் செய்யுங்கள்.

அளந்தவுடன் நோட்டில் நேரடியாக எழுதுங்கள். பிறகு "நீட்டாக" வேறு நோட்டில் படியெடுத்துப் பழையதைத் தூக்கிப் போடும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. தண்ணீர்க்கறை படிந்த, அடித்தல் திருத்தல் உள்ள நோட்டுதான் எனக்கு வேண்டும். அதில் அப்பாவின் கையெழுத்து இருந்தால் அதுவும் தெரிந்துவிடும்.

படி 8: கணக்கும் வரைபடமும்

மூன்று கலயங்களின் சராசரியை எடுத்து, கிடையாக நேரம், செங்குத்தாக வெப்பநிலை என்று வரைபடத்தாளில் இரண்டு கோடுகள் வரையுங்கள். இனி அந்த 580. ஒரு கலயம் 20 கிராம் இழந்தது என்று வைத்துக்கொள்வோம். 20 × 580 = 11,600 கலோரி. 1 கிராம் தண்ணீர் 1 டிகிரி குளிர 1 கலோரி இழக்க வேண்டும். உள்ளே 500 கிராம் தண்ணீர் என்றால் 11,600 ÷ 500, அதாவது ஏறத்தாழ 23 டிகிரி குறைந்திருக்க வேண்டும். தெர்மாமீட்டர் அவ்வளவு காட்டாது. மீதி எங்கே போயிற்று? குளிர்ந்த கலயத்துக்குள் சுற்றியுள்ள காற்று வெப்பத்தைத் திரும்பத் திரும்ப ஏற்றிக்கொண்டே இருக்கிறது. இந்த ஒரு கேள்வியைத் தானாக எழுப்பும் பிள்ளைக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு மதிப்பெண் போடுவேன்.

மூன்று நாள் எண்களும் ஒத்துப்போகாவிட்டால் கலங்க வேண்டாம். காற்றில் ஈரப்பதம் மிகுந்த நாளில் ஆவியாதல் குறையும். கடலோர ஊர்க்காரர்களுக்கு இது நன்றாகவே புலப்படும். தெர்மாமீட்டர் குமிழில் ஈரத்துணி சுற்றி விசிறினால் அது ஓர் அளவுக்கு இறங்கி நிற்கும். அன்றைக்கு எந்தப் பானையும் அதற்குக் கீழே தண்ணீரைக் குளிரவைக்க முடியாது. அந்த எண்ணையும் வரைபடத்தில் ஒரு கோடாகப் போடுங்கள்.

படி 9: அட்டை

கேள்வி, செய்த முறை, அட்டவணை, வரைபடம், முடிவு. மினுமினுப்புத் தாள் வேண்டாம். எங்கே தவறியது என்பதற்கும் ஓர் இடம் ஒதுக்குங்கள்.

படி 10: கண்காட்சி அன்று

காலையில் போனவுடன் ஒவ்வொரு வகையிலும் ஒரு கலயத்தை நிரப்பி வைத்துவிடுங்கள். மதியம் வருபவர்கள் இரண்டையும் தொட்டுப் பார்க்கட்டும். "ஏன் மூன்று?", "உட்புறம் பெயிண்ட் அடித்திருந்தால்?", "மின்விசிறி ஓடினால்?" என்றெல்லாம் கேட்பார்கள். செய்து பார்க்காததை "செய்து பார்க்கவில்லை" என்றே சொல்லுங்கள். பழைய துணி இரண்டு எடுத்துச் செல்ல மறக்காதீர்கள். வெறுங்கலயம் கசிந்து மேசையை நனைக்கும், பக்கத்து மேசைக்காரரின் அட்டை ஊறிவிடும்.