கேமரா கேபிளைச் சுவரில் புதைக்கும் முன்

புதிதாக இந்த வேலைக்கு வரும் பையன்கள் எந்த மூலையில் கேமரா, எத்தனை மெகாபிக்சல் என்று மணிக்கணக்கில் பேசுவார்கள். கேபிள் என்று வந்தால் "ஏதோ ஒரு கேட்6 எடுத்துக்கலாம்ணே" என்று முடித்துவிடுவார்கள். கேட்6 என்பது உள்ளே எட்டுக் கம்பிகள், நாலு ஜோடிகளாக முறுக்கியிருக்கும் நெட்வொர்க் கேபிள். கம்பிகளைக் கலர் மாற்றிச் செருகுவது, முனையில் பிளக்கை அழுத்திப் பொருத்தும் கிரிம்ப்பைச் சரியாக அழுத்தாதது எல்லாம் கேபிள் டெஸ்டரே காட்டிக்கொடுத்துவிடும், அதை விடுங்கள். டெஸ்டர் காட்டாத ஒன்று இருக்கிறது.

விலை குறைவு என்று சிசிஏ வாங்குவது

சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் 305 மீட்டர் கேபிள் பெட்டி கேட்டால் இரண்டு விலை சொல்வார்கள். நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருப்பது பெரும்பாலும் சிசிஏ, அதாவது அலுமினியக் கம்பி மேல் மெல்லிய செம்புப் பூச்சு. பெட்டியில் என்னவோ கொட்டை எழுத்தில் கேட்6 என்றுதான் போட்டிருக்கும், ஆனால் அந்தத் தரநிலை கேட்பது முழுச் செம்பு.

திருவான்மியூரில் ஒரு வீடு. வாசல் கேமரா பகலெல்லாம் ஒழுங்காக ஓடும், இருட்டினால் நின்று நின்று வரும். வீட்டுக்காரர் கேமராவை மாற்றினார், அப்புறம் அடாப்டரை மாற்றினார். ஒன்றும் நடக்கவில்லை. கேபிளில் படத்துக்குப் பயன்படாமல் மீதமிருக்கும் ஜோடிகளில் கேமராவுக்கான 12 வோல்ட் அனுப்பியிருந்தார்கள், தூரம் சுமார் 40 மீட்டர். இருட்டியதும் கேமராவில் இரவில் பார்ப்பதற்கான இன்ஃப்ராரெட் எல்ஈடி எரியும், கேமரா இழுக்கும் கரண்ட் கூடும், செம்பில் ஒன்றரை வோல்ட் இறங்க வேண்டிய இடத்தில் சிசிஏவில் இரண்டேகால் வோல்ட் இறங்கும். போதாததற்குக் கடற்காற்று வேறு. கிரிம்ப் முனையில் அலுமினியம் அரித்து, அங்கேயும் கொஞ்சம் போய்விடும். இத்தனைக்கும் டெஸ்டரில் எட்டு லைட்டும் அழகாக எரிந்தது, ஏனென்றால் அது கம்பி அறுந்திருக்கிறதா, மாறியிருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும்.

கேபிளைப் பைப் இல்லாமல் பூசி, மேலே டைல்ஸும் ஒட்டியாகிவிட்டது. கேபிளில் மிச்சம் பிடித்ததைப் போல பல மடங்கு கொத்தனாருக்கும் டைல்ஸ்காரருக்கும் போனது. இன்னமும் நினைத்தால் எரிச்சல் வருகிறது, ஏனென்றால் இதைக் கண்டுபிடிக்க ஒரு பிளேடு போதும். கம்பியின் மேல்பரப்பைச் சுரண்டுங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். பெட்டியைத் தூக்கினாலே எடை சொல்லிவிடும். சுரண்டிப் பார்க்கக் கடைக்காரர் விடவில்லையா, அடுத்த கடைக்குப் போங்கள்.

நெட்வொர்க் கேபிளிலேயே கரண்டையும் சேர்த்து அனுப்பும் 48 வோல்ட் பிஓஇ ஸ்விட்ச் போட்டால் இந்த இறக்கம் பெரிதாகத் தெரியாது, உண்மைதான். அதற்காக அரிப்பு நிற்கப்போவதில்லை.

பைப் இல்லாமல் பூசுவது

வேண்டாம். பைப் போட்டு, பின்னாளில் வேறு கேபிள் இழுக்க உள்ளே ஒரு நைலான் கயிறும் விட்டு வையுங்கள்.

கரண்ட் ஒயர் பைப்பிலேயே சேர்த்து இழுப்பது

கூடவே கூடாது. உள்ளே 230 வோல்ட் ஓடுகிறது.

வெளியே உள்வீட்டுக் கேபிள்

மொட்டை மாடி வெயிலில் சாம்பல் நிற மேலுறை கொஞ்ச நாளில் வெடித்துவிடும். அவுட்டோர் கறுப்புக் கேபிள் போடுங்கள், இல்லையென்றால் பைப்புக்குள் விடுங்கள்.

கேமரா முனையை அப்படியே தொங்கவிடுவது

ஐப்பசி மழை வந்ததும் போன் வரும், "கேமரா ஓடலைங்க" என்று. கேபிளின் பிளக்கான ஆர்ஜே45 முனையை டேப் சுற்றித் தொங்கவிட்டால் தண்ணீர் டேப்புக்குள் தங்கி, பின்கள் பச்சையாகிவிடும். ஜங்ஷன் பாக்ஸ் வையுங்கள். கேபிள் அதற்குள் கீழ்ப்பக்கமாக நுழைய வேண்டும், நுழைவதற்கு முன் சற்றுத் தொங்கி வளைந்து ஏற வேண்டும், அப்போதுதான் வழிந்து வரும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.