டொராண்டோவில் தனியாக டிசைன் வேலை தொடங்கும் முன்

கனடாவுக்குப் புதிதாக வந்து ஃப்ரீலான்ஸ் டிசைனராக இறங்குபவர்கள் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது போர்ட்ஃபோலியோவை அல்ல, ஒர்க் பெர்மிட்டை. அதில் ஒரே முதலாளியின் பெயர் இருந்தால் சொந்தமாக வேலை எடுக்க முடியாது. பி.ஆர். (நிரந்தரக் குடியுரிமை அனுமதி) கிடைத்துவிட்டால் அந்தக் கவலை இல்லை.

ஒன்டாரியோவில் உங்கள் சொந்தப் பெயரிலேயே பில் போட்டால் தொழில் பெயரைப் பதிய வேண்டாம். தொடர்ச்சியான நான்கு காலாண்டுகளில் வரவு 30,000 டாலரைத் தாண்டினால்தான் எச்.எஸ்.டி. (விற்பனை வரி) பதிவு கட்டாயம், அப்போது ஒன்டாரியோ வாடிக்கையாளரிடம் 13 சதவீதம் சேர்த்து வாங்கி அரசுக்குக் கட்ட வேண்டும். வருமான வரிப் படிவத்துக்கு ஜூன் 15 வரை நேரம் உண்டு. ஆனால் பணம் ஏப்ரல் 30க்குள் போகாவிட்டால் வட்டி ஓடும். முதல் வருஷம் நான் மாட்டிக்கொண்டது இங்கேதான்.

அப்புறம், தமிழர்கள் நிறைய இருக்கும் டொராண்டோவின் ஸ்கார்பரோ பக்கம் முதல் வேலை பெரும்பாலும் கல்யாண அழைப்பிதழாக இருக்கும். அச்சகத்துக்கு அனுப்பும் ஃபைலில் தமிழ் எழுத்துகளை அவுட்லைனாக (ஃபான்ட் தேவைப்படாத வெறும் வடிவங்களாக) மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் 'கொ'வின் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போய் நிற்கும். திருத்தக்கூடிய ஒரிஜினலையும் தனியாக வையுங்கள். மண்டபத்தின் பெயர் கடைசி நிமிஷத்தில் மாறும்.